அபினியும் அடையாறும்

சென்னை மாநகரின் தென்பகுதியிலுள்ள அடையாறு, மருத்துவப் பணிமனைகள் இரண்டால் புகழ் பெற்றது. ஒன்று, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் அயரா முயற்சியால் 1954ஆம் ஆண்டில் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனை. மற்றொன்று, திருமதி சாந்தி ரங்கநாதன் 1980ஆம் ஆண்டில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை. மதுவுக்கும் பிற போதைப் பொருள்களுக்கும் அடிமைப்பட்டோரை மீட்பதே அதன் பணி. முதலாவது மனையில் தாங்கொணா வேதனையைத் தணிக்கும் மருந்தாக வருவது எதுவோ, அதன் இனத்தைச் சேர்ந்த பொருளே இரண்டாவது மனையில் மனிதனைப் பிணித்த விலங்காகக் காணப்படுகிறது. அப்பொருள் அபினி. ஒரே செடியின் பால் ஓரிடத்தில் அருளாகவும் ஓரிடத்தில் அழிவாகவும் ஆவது ஏன் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது பயனுடையது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். சாறு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அரபியின் 'அஃப்யூன்'. அதுவே தமிழில் அபின், அபினி என வழங்கலாயிற்று. அச்செடிக்கு அரபியர் இட்ட பெயர் 'கஷ்காஷ்'. நம் இல்லங்களில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அச்செடியின் விதையே. முற்றாத காயைக் கீறும்போது வடியும் பால் உறைந்து அபினியாகிறது. சமையலுக்கு உதவும் விதையில் மயக்கம் தருமளவு சத்து இல்லை.

மருத்துவப் பேரறிஞர் இப்னு சீனா (இறப்பு கி.பி. 1037) தம் 'அல்கானூன்' நூலில் வலியை மரக்கச் செய்யும் மருந்துகளை 'முகத்திர்' என வகுத்து, அவற்றுள் அபினியே வலிமை மிக்கது என்று கொண்டார். இன்றைய அரபியில் போதைப் பொருள்கள் அனைத்தையும் குறிக்கும் 'முகத்திராத்' என்பது அச்சொல்லின் பன்மையேயாகும். மருத்துவரின் சொல் காவல் துறையின் சொல்லாக மாறிய விந்தை ஈண்டு நோக்கத்தக்கது. இப்னு சீனாவின் காலத்தவரான அல்பீரூனி, மருந்துகளைப் பற்றிய தம் நூலில் மற்றொரு பக்கத்தையும் காட்டினார். வெப்பம் மிகுந்த நாடுகளில், சிறப்பாக மக்காவில், துன்பம் நீங்கவும் உறக்கம் வரவும் நாள்தோறும் அபினி உண்போர் சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, உயிரைப் பறிக்கும் அளவு வரை சென்றுவிடுவர் என்று அவர் எழுதி வைத்தார். பழக்கம் அளவை வளர்க்கும் என்னும் இவ்வுண்மையை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் பதிவு செய்திருப்பது வியப்புக்குரியது.

சென்னைக்கும் இவ்வாராய்ச்சியில் பங்குண்டு. மயிலாப்பூரை அடுத்த திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய கான் பகதூர் மூதீன் ஷெரீப், இந்திய மருந்து நூலுக்கு ஒரு துணை நூலை 1869ஆம் ஆண்டில் வெளியிட்டார். மருந்துச் சரக்குகளின் பெயர்களை அரபி, பாரசீகம், தமிழ், தெலுங்கு முதலிய பல மொழிகளிலும் ஒப்பிட்டுத் திருத்தித் தந்தது அவருடைய அரும்பணி. பெயர் பிழைத்தால் சரக்குப் பிழைக்கும். சரக்குப் பிழைத்தால் உயிர் பிழைப்பது அரிது. அபினி போன்ற கடும் மருந்துகளில் இது மும்மடங்கு உண்மை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்டர்னர் அபினியினின்று மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். இதனால் மருந்தைத் துல்லியமாக அளந்து கொடுக்க வழி பிறந்தது. ஆயினும் 1898இல் இருமல் மருந்தாக விற்பனைக்கு வந்த ஹெராயின், பின்னர் உலகை ஆட்டிப்படைக்கும் போதையாயிற்று. மார்ஃபின் மூளையிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தியைத் தடுக்கிறது. அளவு மீறினால் மூச்சையே அடக்கிவிடுகிறது. மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினால் உடல்வலி, வாந்தி, பேதி, உறக்கமின்மை ஆகியன வாட்டும்.

இத்தீங்குகளை அஞ்சியே 1985ஆம் ஆண்டில் இந்திய அரசு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. பத்தாண்டுச் சிறை முதலிய கடுந்தண்டனைகள் அதில் இடம் பெற்றன. நோக்கம் நல்லதே. ஆனால் விளைந்தது வேறு. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கப் பல உரிமங்கள் பெற வேண்டியதாயிற்று. அஞ்சிய மருந்துக் கடைகள் அதை வைப்பதையே விட்டன. 1997க்குள் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் குறைந்துபோயிற்று. புற்றுநோய் வலிக்கு மார்ஃபினைப் படிமுறையாகக் கொடுக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் வழி வகுத்தது. அதே காலத்தில், உலகுக்கு அபினி விளைவித்துக் கொடுக்கும் நம் நாட்டிலேயே புற்றுநோயாளிகள் மார்ஃபின் இன்றித் துடித்தனர். கள்ளக் கடத்தலோ அதனால் நின்றுவிடவில்லை. இக்குறை நீங்கும் பொருட்டு 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, உரிமமுறை எளிதாக்கப்பட்டது. எனினும், மார்ஃபின் என்றதும் 'போதைப் பழக்கம் வந்துவிடுமே' என்று அஞ்சும் குடும்பத்தார் இன்றும் உளர். தக்க மருத்துவர் மேற்பார்வையில் புற்றுநோய் வலிக்கு அளவறிந்து கொடுக்கும்போது அத்தகைய அடிமைத்தனம் அரிதாகவே நேர்கிறது.

இதற்கு மறுதலையும் உண்டு. அமெரிக்காவில் 1996 முதல் இவ்வின வலி மருந்து ஒன்றின் தீமையைக் குறைத்துக் காட்டி, நாட்பட்ட சாதாரண வலிகளுக்கும் தாராளமாக எழுதிக் கொடுக்கத் தூண்டினர். அதன் விளைவாகப் பல்லாயிரவர் மாண்டனர். ஆகவே, கதவை அடைத்ததும் தவறு. காவலின்றித் திறந்ததும் தவறு.

மார்க்கச் சட்ட வல்லுநர்கள் வகுத்த விதிகள் இரண்டு இங்கு நமக்கு வழிகாட்டும். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஒன்று. நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மேல் அவ்வனுமதி நீளாது என்பது மற்றொன்று. முன்னதை மறந்தால் நோயாளிக்கு அநீதி. பின்னதை மறந்தால் சமுதாயத்துக்கு அநீதி. அபினியை வெறுத்தொதுக்குவதோ விரும்பியணைப்பதோ அறிவுடைமையன்று. அதை அளந்து கொடுக்கும் கையும், அதில் வீழ்ந்தவரைத் தூக்கிவிடும் கையும் ஒருங்கே வேண்டும். அடையாற்றின் இரு மனைகளும் ஒரே வட்டாரத்தில் இயங்குவது நமக்கு உணர்த்துவதும் இதுவே.