ராஜா தலை போன பிறகு

"ராமன் ஆண்டா என்ன, ராவணன் ஆண்டா என்ன" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சேரியிலிருந்து பார்த்தால் அது சரி என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பேச்சை நாம் விட்டாக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

கோடியக்கரைக்கு வெளியூர்க்காரர்கள் ராஜாவைத் தேடி வருகிறார்கள். 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு, பூங்குழலி படகு விட்ட கடல் எது என்று கேட்கிறார்கள். அந்தத் தொடர்கதை 1950இல் தொடங்கியது. அதே வருஷம் ஜனவரி 26இல்தான் இந்த நாடு தன் ராஜாவை இறக்கி வைத்தது. சட்டத்தில் ராஜா போன வருஷமே பத்திரிகையில் ராஜா வந்துவிட்டார்!

அந்தச் சோழனைப் பற்றி நமக்குச் சேதி வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டில், வரி நீக்கிய நிலங்களின் கணக்கில் குளத்தோடும் சுடுகாட்டோடும் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனியாக வருகின்றன. பொற்காலம் என்கிறார்கள். யாருக்கு?

பிறகு தஞ்சாவூரை மராட்டியர் ஆண்டார்கள். 1799இல் சரபோஜி ஆட்சியைக் கம்பெனியிடம் கொடுத்தார். 1855இல் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் சாக, பட்டமும் போயிற்று. ராஜா போனார். மிராசு போனானா? 1843லேயே அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் வந்தது. ஆனாலும் பண்ணையாளைக் காப்பாற்ற 1952இல் தனியாக ஒரு சட்டம் தேவைப்பட்டது. எங்க தாத்தாவுக்கு ஜார்ஜ் மன்னரைத் தெரியாது, பண்ணைதான் ராஜா. கூலி கேட்ட குற்றத்துக்கு 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தியபோது நாடு குடியரசாகி 18 வருஷம் முடிந்திருந்தது.

1930 ஏப்ரலில் பக்கத்து வேதாரண்யத்தில் உப்பெடுத்து வெள்ளைக்கார ராஜாவின் சட்டத்தை மீறியவர் ராஜாஜி. 1948இல் அதே ராஜாவீட்டுப் பிரதிநிதியாக, கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்ததும் அவர்தான். ஆமாம், விடுதலைக்குப் பிறகும் சட்டப்படி நாட்டின் தலை ஆறாம் ஜார்ஜ். 1950இல்தான் அது மாறியது. காசிலிருந்து ராஜா தலை போய் அசோகச் சிங்கம் வந்தது. இனி அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25இலேயே எச்சரித்திருந்தார்.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கை 1972 மே 22இல் ராணியை நீக்கிக் குடியரசானது. அதே அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. சிறுபான்மையினருக்கு இருந்த காப்பு விதி காணாமல் போனது. ராஜா இருந்த இடத்தில் பெரும்பான்மை உட்காரலாம்.

அப்படியானால் ராஜா இருந்தாலும் ஒன்றுதானா? இல்லை. ராஜாவின் தகுதி என்ன? இன்னார் வயிற்றில் பிறந்தது. சாதியின் தகுதி என்ன? அதேதான். சிம்மாசனம் மேலே, சேரி கீழே. இரண்டையும் தாங்குவது பிறப்பு என்ற ஒரே தூண். மேலே பிறப்பு செல்லாது என்று சட்டம் சொன்ன பிறகு, கீழே மட்டும் எப்படிச் செல்லும் என்று கேட்கும் உரிமை நமக்கு வந்தது. 1971இல் சமஸ்தான ராஜாக்களின் மானியம் போயிற்று. 1980 நவம்பரில் தமிழ்நாட்டில் முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிந்தன. பரம்பரைப் பாத்தியதை ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, சேரியை எட்டும்போது நின்றுவிட்டது.

1997 ஜூலை 25இல் கே.ஆர். நாராயணன் குடியரசுத் தலைவரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித். அதற்கு 25 நாள் முன்பு, ஜூன் 30இல், மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் 5 பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அவர் தலையை அறுத்துக் கிணற்றில் போட்டார்கள். நாட்டுக்கு ஒரு தலித் தலைவராகலாம். ஊருக்கு ஆகக் கூடாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 தொடங்கி 2006 வரை தனித்தொகுதித் தலைவரை இருக்கவே விடவில்லை.

ராஜாவை நீக்குவதா வேண்டாமா என்று உலகத்தில் இன்னும் சில நாடுகள் பேசிக்கொண்டிருக்கின்றன. நீக்கட்டும். நாம் சொல்ல வேண்டியது ஒன்று: தலையை மாற்றுவது தொடக்கம்தான். ஊராட்சி அலுவலகத்தில் நம் ஆள் நாற்காலியில் உட்கார்ந்து, கொடியேற்றி, உயிரோடு வீடு திரும்புகிற அன்றைக்குத்தான் இந்த நாட்டில் ராஜா ஒழிந்தார் என்று எழுதலாம்.