பாட்டியின் கட்டில்

வடபழனி ஆண்டவர் கோயிலுக்குப் பின்புறம் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். வருஷம் 1991. எனக்கு வயது 12. என் பாட்டிக்கு 72. தினந்தோறும் சாயங்காலம் பாட்டி கோயிலுக்குப் போவாள். மூன்று பிரதட்சிணம், பிறகு குளத்தங்கரையில் உட்கார்ந்து ஊர்வம்பு, திரும்பும்போது எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை. மழை பெய்தாலும் இந்த ஒழுங்கு தவறியதில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் ஒருநாள் காலை பாட்டி குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். நல்ல வேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்தார். மிகவும் நல்ல மனிதர். "வயசாயிடுச்சு. ஒரு மாசம் அசையாமல் படுத்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த உத்தரவை நிறைவேற்றும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. பெரியவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் கட்டில் பக்கத்தில் கதைப் புஸ்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

"டேய் ராஜா, கொஞ்சம் கை கொடு. வாசல் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்பாள் பாட்டி.

"கூடாது பாட்டி! டாக்டர் திட்டுவார்."

"டாக்டருக்கு யாருடா சொல்லப் போறாங்க?"

"நான்தான் சொல்வேன்!"

என்னைப் போல் சிரத்தையான காவல்காரன் எந்தச் சிறைச்சாலைக்கும் கிடைத்திருக்க மாட்டான். ஒரு மாசம் முடிந்தது. டாக்டர் வந்து, "இனிமேல் எழுந்து நடக்கலாம்" என்றார். உத்தரவு வந்துவிட்டது, கால்கள்தான் வரவில்லை. இரண்டு பேர் பிடித்து நிறுத்தியும் பாட்டி துவண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு முதுகில் புண் கண்டது. மார்பில் சளி கட்டியது. அடுத்த தை மாசம் அதே கட்டிலில் காலமானாள். துக்கம் கேட்க வந்தவர்கள், "வயசுதானே!" என்று சொல்லி எங்களைத் தேற்றினார்கள். நாங்களும் தேறிவிட்டோம்.

அந்த "வயசுதானே"க்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

நியூயார்க்கில் இக்னாட்ஸ் நாஷர் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் மாணவராக இருந்தபோது, ஏழைகள் விடுதியில் ஒரு மூதாட்டி தன் உபாதைகளைச் சொல்லி முறையிட்டாளாம். கூட வந்த ஆசிரியர் நிற்காமல் நடந்தார். அவளுக்கு என்ன நோய் என்று மாணவர் கேட்டார். முதுமை என்று பதில் வந்தது. என்ன செய்யலாம் என்று கேட்டார். ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. இந்தப் பதில் நாஷரின் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது என்று சொல்வார்கள். முதுமை வேறு, முதுமையில் வருகிற நோய் வேறு என்று அவர் வாதாடினார். குழந்தைகளுக்குத் தனி வைத்தியம் இருப்பதுபோல் முதியவர்களுக்கும் வேண்டும் என்று 1909-ல் அதற்கு 'ஜெரியாட்ரிக்ஸ்' என்று பெயர் சூட்டினார். நாம் முதியோர் மருத்துவம் என்கிறோம்.

பெயர் வைத்தவர் அவர் என்றால், அதற்கு உயிர் கொடுத்தவர் ஒரு பெண்மணி. லண்டனுக்கு அருகில் வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் மார்ஜரி வாரன் என்ற டாக்டர் வேலை பார்த்தார். 1935-ல், பக்கத்திலிருந்த ஏழைகள் ஆஸ்பத்திரி ஒன்று அவர் பொறுப்பில் வந்து சேர்ந்தது. 714 பேர்! பெரும்பாலோர் வருஷக் கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள். ஏன் படுத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. வாரன் கேட்டார். ஒவ்வொருவரையும் தனித் தனியாகப் பரிசோதித்தார். சுவர்களுக்குப் புது வர்ணம் பூச வைத்தார். நல்ல விளக்குகள் போட வைத்தார். எழுந்து உட்காரவும் நடக்கவும் பழக்கினார். இனி எழவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்டிருந்தவர்களில் எத்தனையோ பேர் எழுந்தார்கள். சிலர் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள்.

1947-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற மற்றொரு டாக்டர், பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் படுக்கையின் அபாயங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும், மார்பில் சளி தங்கும், முதுகில் புண் வரும், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும், தசை சுருங்கும், கடைசியில் எழ வேண்டும் என்ற எண்ணமே போய்விடும் என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை பட்டியல் போட்டார். அதைப் படித்தபோது என் கை நடுங்கியது. எங்கள் வீட்டுக் கட்டிலை நேரில் பார்த்து எழுதியது போல் இருந்தது.

பிற்பாடு வந்த ஆராய்ச்சியாளர்கள் இதைத் தராசில் வைத்தே நிறுத்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான முதியவர்கள் சிலரை அமெரிக்காவில் பத்தே நாள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது என்று 2007-ல் எழுதினார்கள். பத்து நாளைக்கு ஒரு கிலோ என்றால் ஒரு மாசத்துக்கு எவ்வளவு? இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்க விரும்பவில்லை.

இதற்கு நேர்மாறான பரீட்சை ஒன்றும் உண்டு. பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 86 முதல் 96 வரை. எட்டு வாரம் அவர்களுடைய கால்களுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களுக்குக் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆயிற்று. இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள். இந்த முடிவு வெளியானது 1990-ல். அதாவது, என் பாட்டி விழுந்ததற்கு முந்திய வருஷம்.

'பாஸ்டன் எங்கே, வடபழனி எங்கே?' என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. சென்டிரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், முதியோருக்கென்றே தனியாக ஒரு புறநோயாளிப் பிரிவு 1978-லேயே தொடங்கியிருந்தது. தொடங்கியவர் டாக்டர் வ. செ. நடராஜன். இங்கிலாந்தில் இந்த வைத்தியத்தைக் கற்றுத் திரும்பியவர். இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவப் பேராசிரியர். முதுமையைப் பற்றிச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும் தமிழில் புத்தகங்களும் எழுதினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்று எம்.டி. படிப்பு ஏற்பட்டது. 2012-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆக, என் பாட்டி படுத்திருந்தபோது அந்தப் பிரிவுக்கு 13 வயது. என்னைவிட ஒரு வயது மூத்தது! ஆற்காடு சாலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போயிருக்கலாம். எங்களுக்குத் தெரியவில்லை. 'வயசுதானே' என்று நம்பிவிட்டவர்கள் வேறு டாக்டர் உண்டா என்று எதற்காக விசாரிக்கப் போகிறார்கள்?

எழுத்தாளர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் பேட்டை ஸ்டூடியோக்களில் எடுத்த படங்களில் தாயார் என்றால் கட்டில், இருமல், கண்ணீர். என் நாவல்களிலும் மூன்று கிழவிகளைப் படுக்க வைத்திருக்கிறேன். ஒருத்தியையாவது எழுந்து நடக்க வைக்க எனக்குத் தோன்றவில்லை.

சென்ற வருஷம் என் அம்மா வாசற்படியில் இடறி விழுந்தாள். வயது 75. இம்முறை இடுப்பெலும்பே முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் காலையிலேயே பிசியோதெரபி செய்கிற பெண் ஒருத்தி வந்து, "எழுந்திருங்கம்மா, நிக்கலாம்" என்றாள். பழைய காவல்காரன் எனக்குள்ளிருந்து குதித்து எழுந்தான். "ஐயோ, அசைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். அவள் என்னைப் பார்த்து, "சார், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றாள். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அம்மா முனகுவது கேட்டது. பிறகு ஓர் அடி வைக்கும் சப்தம், மற்றோர் அடி.

இன்று உலகெங்கும் இதுதான் முறை. ஸ்பெயின் தேசத்தில் பாம்ப்லோனா நகரத்து ஆஸ்பத்திரியில் 370 முதியவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. சராசரி வயது 87. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள், வந்தபோது இருந்ததைவிடத் தளர்ந்து வீடு திரும்பினார்கள். ஆஸ்பத்திரியிலேயே அளவான தேகப்பயிற்சி செய்தவர்கள் தெம்போடு திரும்பினார்கள். 2019-ல் வெளியான செய்தி இது. விழுந்தவர்களை உடனே ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை. முதலில் டாக்டர் பார்க்க வேண்டும். ஏன் விழுந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்: கண்ணில் புரையா, மருந்தினால் வந்த தலைச்சுற்றலா, வழுக்கும் தரையா, வெளிச்சம் போதாத நடையா? 'வயசு' என்பது இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி நம் தேசத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர். 2024 பிப்ரவரியில் கிண்டியில், 200 படுக்கைகளுடன் முதியோருக்கான தேசிய மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. வடபழனியிலிருந்து ஆலந்தூரில் வண்டி மாறினால் மெட்ரோ ரயிலிலேயே கிண்டிக்குப் போய்விடலாம். பாட்டிக்கு வாய்க்காத அருகாமை.

அம்மா இப்போது தடியூன்றிக் கோயிலுக்குப் போகிறாள். ஒரே பிரதட்சிணம்தான், கூட நான் போகிறேன். பாட்டியின் கட்டில் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் துவைத்த துணிகளை மடித்து வைக்கிறோம். மடித்து வைப்பவள் அம்மா, நின்றுகொண்டே மடிக்கிறாள்.