கை நுழையாத இடத்தில் மெருகு

கூஜாவின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவியிருக்கிறீர்களா? வெளியே பளபளவென்று இருக்கும். கழுத்துக்குக் கீழே கை போகாது. இப்போது ஒன்பது கூஜாக்களை வரிசையாக ஒட்டவைத்த மாதிரி ஒரு குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வயிறு சுமார் 20 செ.மீ. அகலம், கழுத்து 7 செ.மீ. மட்டும். முழுவதும் நியோபியம் என்ற உலோகம். துகள் முடுக்கிகளில் எலக்ட்ரான்களை விரட்டும் 'கேவிட்டி' இதுதான். அதன் உள்ளே எப்படி மெருகேற்றினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

உள்ளே ஏன் அவ்வளவு வழவழப்பு வேண்டும்? கேவிட்டியை 2 கெல்வின் வரை குளிர்வித்தால் நியோபியம் மீக்கடத்தி ஆகிவிடும். அப்போது மின்னோட்டம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மேல்தோலில்தான் ஓடும். அந்தத் தோலில் ஒரு கூர்மையான விளிம்பு இருந்தாலும் காந்தப்புலம் அங்கே குவிந்து, மீக்கடத்தும் தன்மை அங்கேதான் முதலில் போகும். பிறகு முழுக் கேவிட்டியும் சூடாகி நின்றுவிடும்.

மின்சாரத்தால் மெருகேற்றுவது (எலக்ட்ரோபாலிஷிங்) பழைய வித்தை. பிரான்சின் பியர் ஜாக்கே 1930-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மின்முலாம் பூசுவதைத் தலைகீழாக்கினால் இதுதான். பொருளை நேர்மின்வாயாக வைத்தால் உலோகம் கரைந்து வெளியேறும். மேடுகள் பள்ளங்களைவிட வேகமாகக் கரையும். நுண்ணோக்கிக்கு மாதிரி தயாரித்தவர்களுக்கு இது பெரிய வரம். தேய்த்தால் மேற்பரப்பு சிதையும், இதில் சிதையாது.

நியோபியத்துக்கு இதைக் கொண்டுவந்தது ஜெர்மனியின் சீமென்ஸ் ஆய்வகம், 1970-களின் தொடக்கத்தில். ஒரு பங்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், ஒன்பது பங்கு கந்தக அமிலம். இந்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைச் சும்மா நினைக்காதீர்கள். தோலில் பட்டால் சில நேரம் உடனே வலிக்காது. உள்ளே இறங்கி இரத்தத்தின் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும். பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் களிம்பு வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும்.

வெளிப்பரப்பு என்றால் தொட்டியில் முக்கினால் போதும். உட்பரப்புக்குத் தொட்டியே அந்தப் பொருள்தான்! நடுவில் நீளமாக ஓர் அலுமினியக் கம்பி, அது எதிர்மின்வாய். அதிலிருந்து ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். முழுக்க அமிலம் நிரப்பினால் குமிழிகள் சுவரை உரசிக் கோடுகள் போடும். ஜப்பானின் சுகுபாவில் உள்ள கே.இ.கே. ஆய்வகம் டிரிஸ்டன் முடுக்கிக்காக 1980-களில் இதற்கு ஒரு வழி செய்தது. கேவிட்டியைப் படுக்கவைத்து, பாதி மட்டும் அமிலம் நிரப்பி, நிமிடத்துக்கு ஒரு சுற்று போல மெதுவாக உருட்டினார்கள். குமிழிகள் மேலே காலியிடத்தில் தப்பித்துவிடும், சுவரின் ஒவ்வொரு பகுதியும் முறைபோட்டு அமிலத்தில் முங்கி எழும். உருளும் வடைச்சட்டி போல! :) செய்துகொடுத்தது நோமுரா பிளேட்டிங் என்ற முலாம் பூசும் நிறுவனம். இந்த முறையில் மெருகேறிய 32 கேவிட்டிகள் டிரிஸ்டனில் வேலை செய்தன.

மற்ற இடங்களில் நிலைமை வேறு. மின்சாரமே வேண்டாம், நைட்ரிக், பாஸ்பாரிக் அமிலங்களைச் சேர்த்து ஊற்றி அரித்தால் போதும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் முடிவு செய்துவிட்டார்கள். எளிது, விரைவு. ஆனால் அது உலோகத்தின் படிக மணிகளுக்கு நடுவே படிக்கட்டு மாதிரி விளிம்புகளை விட்டுவைக்கும். மீட்டருக்கு 25 மில்லியன் வோல்ட் அளவில் முட்டி நின்றார்கள்.

1997-ல் கே.இ.கே.யின் கென்ஜி சாய்தோ குழு, மின்மெருகுதான் உயர்ந்தது என்று மாநாட்டில் அறிவித்தது. சந்தேகம் வராதா? பிரான்சின் சாக்லேயில் செய்த கேவிட்டியை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். மெருகேற்றியதும் தாங்கும் அளவு கூடியது. எனக்கு இந்தக் கட்டம்தான் மிகவும் பிடித்தது. மற்றவர்கள் ஓரங்கட்டிய ஒரு கைவேலையை ஒரு கூட்டம் விடாமல் செய்துகொண்டிருந்ததால்தான் ஒப்பிட்டுப் பார்க்கவே வாய்ப்புக் கிடைத்தது.

ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகத்துக்கு இது விளையாட்டல்ல. 2001-ல் வந்த டெஸ்லா முடுக்கித் திட்டம், 33 கி.மீ. நீளத்தில் 500 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் எட்டுவதாகச் சொன்னது. மீட்டருக்கு 35 மில்லியன் வோல்ட் கிடைத்தால் சுரங்கத்தை நீட்டாமலே 800-ஐத் தொடலாம். ஒன்பது வயிற்றுக் கேவிட்டிகள் ஜப்பானுக்குப் போய் மெருகேறித் திரும்பின. 35-ஐத் தொட்டுவிட்ட செய்தி 2004-ல் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், உலக நேர்கோட்டு மோதல் முடுக்கிக்கு மீக்கடத்தித் தொழில்நுட்பமே என்று பன்னாட்டுக் குழு முடிவெடுத்தது.

மெருகேற்றியதோடு வேலை முடியவில்லை. நியோபியம் குடித்துவிட்ட ஹைட்ரஜனை வெளியேற்ற வெற்றிடத்தில் 800 டிகிரியில் சுட வேண்டும். கடைசியில் 120 டிகிரியில் இரண்டு நாள் மிதமான சூடு. இது ஏன் பலன் தருகிறது என்பது பல ஆண்டு விவாதமானது. இன்னொரு தொல்லை, கந்தக அமிலத்திலிருந்து பிரிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் கந்தகத் துகள்கள். அவை இருந்தால் எலக்ட்ரான்கள் கண்டபடி கக்கப்படும். எத்தனையோ கோடி செலவில் கட்டிய இயந்திரத்தின் இந்தத் தொல்லைக்கு டெசி கண்ட மருந்து, எத்தனாலால் கழுவுவது. 2017-ல் தொடங்கிய ஐரோப்பிய எக்ஸ்ரே லேசரில் சுமார் 800 கேவிட்டிகள் இருக்கின்றன; அவற்றின் தயாரிப்பு முறையிலும் அந்தக் கழுவல் சேர்ந்துகொண்டது.