பாலாற்றங்கரைச் சுவரில் ஒரு சான்றிதழ்

1996 ஆகஸ்ட் 28 அன்று பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் மீது உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 1 எனத் தேதியிட்டு, ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஒரு மெல்லிய புத்தகத்தை வெளியிட்டது. சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான அந்தத் தரத்தின் பெயர் ஐ.எஸ்.ஓ. 14001. டில்லியில் நடந்தது ஜெனீவாவுக்குத் தெரியாது. ஜெனீவாவில் நடந்தது டில்லிக்குத் தெரியாது. ஆனால் ஜவ்வாது மலையடிவாரத்தில், வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில், ஒரு தோல் தொழிற்சாலையின் சுவரில் அந்தத் தரத்துக்கான சான்றிதழைப் பார்க்க நேர்ந்தால், இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மலைக்கும் தோலுக்கும் பழைய உறவு உண்டு. ஜவ்வாது மலைக் காட்டில் மலையாளி பழங்குடி மக்கள் பொறுக்கிச் சேர்க்கும் கடுக்காயும், சமவெளியில் உரித்த ஆவாரம் பட்டையும்தான் ஒரு காலத்தில் தோலைப் பதமாக்கின. பட்டைச் சாறு நிரம்பிய குழியில் தோல் வாரக்கணக்கில் ஊறும். அப்படிப் பதனிட்ட தோலுக்கு 'இ.ஐ. லெதர்' என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. 1970களில் மத்திய அரசு பச்சைத் தோல், அரைப் பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலாகவும் காலணியாகவும் அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணி பெருகியது. குரோமிய உப்பால் பதனிடும் முறையும் பரவியது. வாரக்கணக்கான வேலை சுழலும் பீப்பாய்க்குள் ஓரிரு நாளில் முடிந்தது.

குரோமியம் என்றதும் எல்லோரும் பதறுகிறோம். பாலாற்றங்கரை விவசாயியின் முதல் எதிரி அதைவிடச் சாதாரணமானது, உப்பு. அறுத்த மாட்டின் தோலும் ஆட்டின் தோலும் அழுகாமலிருக்கக் கல் உப்பை அப்பி மடித்துத்தான் தொழிற்சாலைக்கு வரும். தொழிலாளர்கள் அதை விரித்து உதறுவார்கள். உதிர்ந்த உப்பு குவியலாகச் சேரும். உதிராத உப்பு அடுத்த தொட்டியில் தண்ணீரோடு கரைந்துவிடும். கரைந்ததைப் பிரிப்பது பெரும்பாடு. சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத் தின்னும், உப்பைத் தொடாது. அந்தக் காலத்தில் உப்பு நீர் அப்படியே வெளியே போனது, நிலத்தில் இறங்கியது, கிணற்றில் ஊறியது.

இந்தக் கிணறுகளுக்காகத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் வழக்குத் தொடுத்தது. மன்றத்துக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்ட கணக்கு நீதிமன்றத்தின் முன் இருந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அறிவித்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைத் தாண்டாமல் மேலே போவதில்லை.

ஐ.எஸ்.ஓ. 14001இன் பிறப்பு வேறு வழியில் நடந்தது. 1984இல் போபால் விஷவாயுக் கசிவு. 1986இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து ரைன் நதி செத்தது. அரசுகள் சட்டத்தை இறுக்கும் முன் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்கிறோம் என்ற பேச்சு பெரிய நிறுவனங்களிடம் எழுந்தது. அதற்கு அச்சு தயாராக இருந்தது. பிரிட்டன் 1979இல் கொண்டுவந்த தர மேலாண்மை விதிகள்தான் 1987இல் ஐ.எஸ்.ஓ. 9000 ஆகியிருந்தன. அதே அச்சில் சுற்றுச்சூழலை வார்த்து, 1992இல் பி.எஸ். 7750 என்று பிரிட்டன் வெளியிட்டது. அதே ஆண்டு ஜூனில் ரியோ பூமி மாநாடு. உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 1993இல் டி.சி. 207 என்ற தொழில்நுட்பக் குழு அமைந்தது. கனடா செயலகப் பொறுப்பை ஏற்றது. முதல் கூட்டம் டொரன்டோவில் கூடியது.

அந்தக் குழுவில் எழுந்த தகராறுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. அப்போதைய ஐரோப்பியச் சமூகம் அதே 1993இல் கொண்டுவந்த 'இமாஸ்' திட்டத்தில், நிறுவனம் தன் மாசுக் கணக்கை வெளியாள் சரிபார்த்த அறிக்கையாக ஊருக்குச் சொல்லியாக வேண்டும். உலகத் தரத்திலும் அது இருக்கட்டும் என்றது ஐரோப்பியத் தரப்பு. அமெரிக்கத் தரப்பு ஒப்பவில்லை. எழுதி வெளியிட்டதெல்லாம் நாளை நீதிமன்றத்தில் தங்களுக்கே எதிராக நிற்கும் என்பது அவர்கள் பயம். கடைசியில் சமரசம் ஆனது. நிறுவனத்தின் சுற்றுச்சூழல் கொள்கையை மட்டும் பொதுமக்கள் பார்க்கலாம், கணக்கை வெளியிடுவது நிறுவனத்தின் விருப்பம். எவ்வளவு மாசு கூடாது என்ற எண் எதுவும் புத்தகத்தில் இடம்பெறவில்லை. ஒரே மாதிரித் தொழில் செய்யும் இரண்டு நிறுவனங்கள், ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் மாசுபடுத்தினாலும், இரண்டுமே இந்தத் தரத்துக்குப் பொருந்தலாம் என்று அதன் முன்னுரையே வெளிப்படையாகச் சொன்னது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் கார் ஆலைக்கும் ஆம்பூரின் தோல் தொழிற்சாலைக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. வரம்பு விதிப்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தின் வேலை. இந்தத் தரம் கேட்பது முறையை. எங்கெல்லாம் கெடுதல் செய்கிறோம் எனப் பட்டியலிடு, சட்டத்துக்கு உடன்படு, குறைக்க இலக்கு வை, செய், அளந்து பார், திருத்து. உண்மையாகச் செய்தால் இது பெரிய விஷயம். உப்பை உதறாமல் தோலைத் தொட்டியில் போடக்கூடாது என்ற ஒரு வரியைப் பட்டியலில் சேர்த்து, உதறிய உப்பைத் தினமும் நிறுத்து எழுதினாலே, ஒரு மாதத்தில் எவ்வளவு உப்பு கிணற்றுக்குப் போகாமல் நின்றது என்று மேலாளருக்குத் தெரிந்துவிடும்.

சான்றிதழை ஐ.எஸ்.ஓ. தருவதில்லை, தனியார் சான்றளிப்பு நிறுவனங்கள் தருகின்றன. மூன்று ஆண்டு செல்லும், இடையில் ஆண்டுதோறும் ஆடிட் உண்டு. சான்றிதழில் எந்த இடத்துக்கு, எந்த வேலைக்கு என்று ஒரு வரி இருக்கும். அந்த எல்லையை வரைவது நிறுவனமேதான். இங்கே பல தொழிற்சாலைகளின் கழிவுநீர் வாணிடெக், ஆம்பூர்டெக் போன்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் குழாயில் போகிறது. ஆகவே மதில் சுவருக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கலாம். மதிலுக்கு வெளியே இருக்கும் ஆற்றின் பெயர் கோப்பில் வராமலே போகலாம். எண்ணில் அளக்கும் ஏற்பாட்டைத் தோல் வாங்கும் பிராண்டுகள்தான் பின்னால் செய்தன. 2005இல் தொடங்கிய லெதர் வொர்க்கிங் குரூப், தண்ணீர் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்று கேட்டு மதிப்பெண் போடுகிறது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்றுக்கு வந்தது. முதல் தீர்ப்புக்கு 28 ஆண்டுகள் ஆன பிறகும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, மாசுபடுத்தியவரிடம் வசூலி, கண்காணிக்கக் குழு அமை என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

ஐ.எஸ்.ஓ. 14001இன் 2015 பதிப்பில், 1996இல் இல்லாத ஒரு பிரிவு இருக்கிறது. நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் யார், அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கண்டறியச் சொல்கிறது 4.2. அந்த இடத்தில் வாங்குபவர், வங்கி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று நிரப்பிவிட்டு நகர்வது எளிது. மதிலை ஒட்டிய தென்னந்தோப்புக்காரரை அந்தப் பட்டியலில் சேர்க்க எந்தத் தடையும் இல்லை. ஆடிட்டுக்கு வருபவர் 4.2ஐத் திறந்ததும், பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் இந்த ஆண்டு உப்பளவு எங்கே என்று கேட்கட்டும். கேட்டுப் பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடட்டும்.