கை பார்த்துச் சொன்னவர்கள்

ஒருவனுடைய கையைப் பார்த்து அவன் எதிர்காலத்தைச் சொல்வது நம் ஊரில் ரேகை சாஸ்திரிகளின் தொழில். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அதையே வேறொரு வகையில் செய்து சம்பளம் வாங்குவோர் உண்டு. அவர்கள் பார்ப்பது ரேகையை அன்று. கை பந்தை எறியும் விதத்தை. 16, 17 வயதுடைய பள்ளி மாணவன் ஒருவன், இன்னும் சில ஆண்டுகளில் தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவனாக நிலைத்து நிற்பானா என்று சொல்லவேண்டியது அவர்கள் பொறுப்பு. அவர்களுக்கு ஸ்கவுட் என்று பெயர். நம் பள்ளிகளில் அச்சொல் காக்கி உடுப்பும் கழுத்துத் துணியும் அணிந்த சாரணரை நினைவூட்டும். அங்கேயோ, ஊர் ஊராய்த் திரிந்து, வெயிலில் மரப்பலகைமீது அமர்ந்து, பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெழுதும் அனுபவசாலியைக் குறிக்கும்.

பேஸ்பால் நமக்குப் பழகிய ஆட்டம் அன்று. ஆகையால் இரண்டொரு விவரம் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் ஓடிவந்து, மடக்கிய முழங்கையை நிமிர்த்தி எறியாமல் பந்தை வீசுகிறார். பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழுகிறது. பேஸ்பாலில் பந்தெறிபவர் சிறியதொரு மண்மேட்டின்மீது நின்ற இடத்திலிருந்தே எறிகிறார். முழங்கையை மடக்கலாம், மடக்கித்தான் ஆகவேண்டும். 60 அடி 6 அங்குலத் தொலைவைப் பந்து தரையில் படாமல் கடக்கவேண்டும். 1893ஆம் ஆண்டு முதல் அத்தொலைவு மாறவில்லை. மட்டையாளரின் முன்னே 17 அங்குல அகலத்தில் ஒரு தகடு பதித்திருக்கும். அதற்கு நேர்மேலே, ஏறக்குறைய முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் பந்து சென்றால் அது ஸ்டிரைக். மட்டையாளர் மட்டையைச் சுழற்றித் தவறினாலும் ஸ்டிரைக்தான். மூன்று ஸ்டிரைக் ஆனால் அவர் ஆட்டமிழப்பார். அந்த எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் போய்விட்டாலோ, அவர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அதை நடை என்பர். எறிபவருக்கு வேகம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கட்டுப்பாடும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஸ்கவுட்டுகள் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவது வழக்கம். முதல்தர அணிகளில் ஆடுவோரின் சராசரி 50 என்று கொள்வர். வேகப்பந்துக்கு ஒன்று, வளைந்து செல்லும் பந்துக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக்கு ஒன்று எனத் தனித்தனியே இடுவார்கள். ஒவ்வொன்றிலும் இன்றைய நிலைக்கு ஒரு மதிப்பெண், வருங்கால நிலைக்கு ஒரு மதிப்பெண். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்திய எனக்கு இந்த இரண்டாவது மதிப்பெண்ணைக் கண்டால் திகைப்பாக இருக்கிறது. மாணவன் இன்னும் எழுதாத பரீட்சைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் எந்த ஆசிரியர் துணிவார்? இவர்கள் துணிந்தார்கள். அவர்கள் வரலாற்றைப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. கையிலுள்ள ஆற்றலை அவர்கள் பலமுறை சரியாகவே கண்டுகொண்டார்கள். அது பழுப்பதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதில்தான் கணக்குப் பிசகிற்று.

ஐயோவா மாநிலத்தில் வான் மீட்டர் என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு பிறந்தவர் பாப் ஃபெல்லர். தந்தை குடியானவர். மகனுக்காகத் தம் நிலத்தின் ஒரு பகுதியையே ஆட்டக்களமாக மாற்றிவிட்டார். விளையும் மண்ணை விளையாட்டுக்கு விட்டுக்கொடுக்க எத்தனை உழவருக்கு மனம் வரும்! கிளீவ்லாந்து அணியின் ஸ்கவுட் சை ஸ்லாப்னிக்கா, 1935இல் பையனின் எறியைக் கண்டு உடனே ஒப்பந்தம் செய்துகொண்டார். அப்போது ஃபெல்லருக்கு வயது 16. அச்சாரமாகக் கொடுத்தது 1 டாலரும், ஆட்டக்காரர்கள் கையொப்பமிட்ட ஒரு பந்தும்.

மறு ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி, அணியின் தொடக்க எறிவீரராக அவர் முதன்முதல் களமிறங்கினார். செயின்ட் லூயி அணியினர் 15 பேரை ஸ்டிரைக் முறையில் வெளியேற்றினார். அடுத்த மாதமே வேறோர் அணிக்கு எதிராக 17 பேர். அதன்பின் என்ன செய்தார் தெரியுமா? ஊருக்குத் திரும்பிப் பள்ளிப் படிப்பைத் தொடர்ந்து, 1937இல் முடித்தார். இதற்கிடையே ஒரு வழக்கும் எழுந்தது. பள்ளிச் சிறுவனைப் பெரிய அணி நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்வது அந்நாளில் விதிக்கு முரண். ஆட்டத்தின் தலைமை ஆணையர் லாண்டிஸ், ஒப்பந்தத்தை நீக்கியிருந்தால் பிற அணிகள் பெருந்தொகையுடன் வந்து நின்றிருக்கும். ஆனால் தந்தையும் மகனும் கிளீவ்லாந்தே போதும் என்றனர். ஆணையர் அதற்கு இசைந்து, டி மாயின் நகரத்துச் சிறிய அணிக்கு 7,500 டாலர் கொடுக்குமாறு மட்டும் பணித்தார்.

ஃபெல்லரும் தொடக்கத்தில் கட்டுப்பாடு குறைந்தவரே. 1938இல் அவர் கொடுத்த நடைகள் 208. இருபதாம் நூற்றாண்டு பிறந்தது முதல் இன்றுவரை ஒரே பருவத்தில் அத்தனை நடை கொடுத்தவர் வேறெவரும் இல்லை. அணி பொறுத்துக்கொண்டது. 1940இல் அவர் 27 ஆட்டங்களை வென்றார். உலகப் போரில் கடற்படைக்குச் சென்று ஏறக்குறைய நான்கு பருவங்களை இழந்தும், 1956இல் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் 266 வெற்றிகள் இருந்தன. இத்தகைய கை நூறாண்டுக்கு ஒன்றிரண்டு கிடைக்கலாம். அதைக் கண்ட அணிகளோ, 17 வயதுப் பையனைப் பிடித்து நிறுத்தினால் போதும் என்ற பாடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டன.

சாண்டி கோபாக்ஸ் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்தவர், இடக்கையர். கல்லூரியில் சேரும்போது கூடைப்பந்தில்தான் அவருக்குப் பெயர். 1954 டிசம்பரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 14,000 டாலர் முன்பணம் கொடுத்து அவரைச் சேர்த்துக்கொண்டது. 4,000 டாலருக்குமேல் முன்பணம் பெற்ற இளைஞனை இரண்டாண்டு காலம் சிறிய அணிகளுக்கு அனுப்பக்கூடாது என்பது அன்றைய விதி. பணக்கார அணிகள் பையன்களை வாங்கிக் குவிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. நோக்கம் நல்லதே, விளைவு வேறாயிற்று. சிறிய அணிகளில் நாள்தோறும் எறிந்து பழகவேண்டிய 19 வயது இளைஞன், பெரிய அணியின் பெஞ்சியிலே உட்கார்ந்து பருவங்களைக் கழித்தான். அவருக்கு இடமளிக்க வேண்டி டாமி லசோர்டா என்ற மற்றோர் எறிவீரரைச் சிறிய அணிக்கு அனுப்பினார்கள். பிற்காலத்தில் அதே டாட்ஜர்ஸ் அணிக்கு 20 ஆண்டு மேலாளராக விளங்கியவர் அந்த லசோர்டாதான்.

முதல் ஆறு பருவங்களில் கோபாக்ஸ் பெற்ற வெற்றி 36, தோல்வி 40. அத்துடன் ஒரு தேர்வுக் குழு கூடியிருந்தால் என்ன எழுதியிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். 1961இல், பருவத்துக்கு முன்னைய பயிற்சி ஆட்டம் ஒன்றில், பந்தைப் பிடிக்கும் நார்ம் ஷெர்ரி அவரிடம், முழு வலிமையையும் கொட்டி எறியாமல் சற்றுத் தளர்த்தி எறியும்படி சொன்னார். வேகத்தைக் குறைக்க எண்ணி எறிந்தும் வேகம் குறையவில்லை. பந்து மட்டும் இடம் பார்த்துச் சென்றது. அந்த ஆண்டு முதல் ஆறு பருவங்களில் 129 வெற்றி, 47 தோல்வி. 1965இல் மட்டும் 382 பேரை ஸ்டிரைக் முறையில் வீழ்த்தினார். மறு ஆண்டு, முழங்கை மூட்டு வாதத்தினால், 30 வயதில் ஆட்டத்தைவிட்டே விலகினார். அந்தக் கைக்குக் கிடைத்த பன்னிரண்டு பருவங்களில் பாதி, அதைப் புரிந்துகொள்வதிலேயே போயிற்று.

காலம் கிடைக்காமலே போனவர் ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி. கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் நகரத்தவர். 1957இல் பால்டிமோர் அணியின் சிறிய கிளைகளில் சேர்ந்தார். முதல் பருவத்தில் 62 இன்னிங்சில் 121 பேரை ஸ்டிரைக் முறையில் வெளியேற்றினார். 129 பேரை நடக்கவும் விட்டார். அவரைவிட வேகமாக எறிந்தவரைக் கண்டதில்லை என்று பழைய ஆட்டக்காரர் பலர் சொல்லியிருக்கின்றனர். 1958இல் இராணுவப் பரிசோதனைச் சாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்று வேகத்தை அளக்க முயன்றார்கள். முந்திய நாள்தான் ஆட்டத்தில் எறிந்து களைத்திருந்தார். எறிவதற்கு மண்மேடும் இல்லை. அளவுப் பெட்டிக்குள் பந்து செல்லும்வரை வெகுநேரம் எறிந்துகொண்டே இருந்தார். கிடைத்த அளவு 93.5 மைல். இந்த எண் அவருடைய வேகத்தைக் காட்டுகிறதா, அளந்தவர்களின் அவசரத்தைக் காட்டுகிறதா என்பது ஐயத்துக்குரியது. 1960இல் அவர் 262 பேரை ஸ்டிரைக் முறையில் வெளியேற்றி, சரியாக 262 நடைகளும் கொடுத்தார். 1962இல் எல்மைரா அணியில் ஏர்ல் வீவர் என்ற மேலாளர் அவருக்கு வாய்த்தார். பல பேர் பல விதமாகச் சொன்ன உபதேசங்களையெல்லாம் விலக்கி, இரண்டு வகைப் பந்தை மட்டும் எறியச் செய்தார். நடைகள் வெகுவாகக் குறைந்தன. பெரிய அணியின் வாயிற்படிக்கு வந்துவிட்டார். 1963 மார்ச்சில், பயிற்சி ஆட்டம் ஒன்றின் நடுவே முழங்கையில் ஏதோ அறுந்தது. முதல்தர ஆட்டம் ஒன்றில்கூட எறியாமலே 2020இல் காலமானார்.

1965 முதல் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு வந்தது. முதலாண்டில் 294 பேர் தெரிந்தெடுக்கப்பட்ட பின்பே நோலன் ரையன் என்ற டெக்சாஸ் மாணவன் பெயரை நியூயார்க் மெட்ஸ் அணி சொல்லிற்று. ரெட் மர்ஃப் என்னும் ஸ்கவுட் அவனைப் பற்றி விடாமல் எழுதி வந்தார். மேலதிகாரி நேரில் வந்து பார்த்த அன்று பையன் மோசமாக எறிந்தான்! ரையன் 46 வயதுவரை ஆடி, 5,714 பேரை ஸ்டிரைக் முறையில் வீழ்த்தினார். வேறெவரும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை. பள்ளித் தணிக்கை அதிகாரி வரும் நாளில் நல்ல மாணவன் நாக்குழறுவதை நம் ஆசிரியர்கள் அறிவார்கள்.

அதே டெக்சாஸில் 1973இல் நடந்தது வேறு கதை. ஹூஸ்டன் நகர மாணவர் டேவிட் கிளைட் பள்ளியில் கடைசி ஆண்டு 18 ஆட்டங்களை வென்று, ஒன்றிலும் தோற்காதவர். தேர்வு வரிசையில் முதலிடம் பெற்றார். அவரை எடுத்த டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி முந்தைய ஆண்டுதான் வாஷிங்டனிலிருந்து குடிபெயர்ந்து வந்தது. ஆட்டமும் மோசம், வரும் கூட்டமும் சொற்பம். உரிமையாளர் பாப் ஷார்ட், பள்ளிப் படிப்பு முடிந்து 20 நாட்களே ஆன 18 வயதுப் பையனை ஜூன் 27ஆம் தேதி நேரே பெரிய களத்தில் நிறுத்தினார். 35,000 பேருக்குமேல் திரண்டனர். மக்கள் உள்ளே வந்து அமர்வதற்காக ஆட்டத்தையே சிறிது தாமதப்படுத்தினார்கள். கிளைட் முதலிருவரை நடக்கவிட்டு, அடுத்த மூவரையும் ஸ்டிரைக் முறையில் வெளியேற்றினார். அன்று அணி வென்றது.

ஓரிரு ஆட்டங்களுக்குப்பின் பையனைச் சிறிய அணிக்கு அனுப்பிப் பழக்கவேண்டும் என்பது மேலாளர் வைட்டி ஹெர்சாகின் எண்ணம். நுழைவுச்சீட்டு விற்பனை அதற்கு இடங்கொடுக்கவில்லை. கிளைட் அவ்வாண்டு 4 வென்று 8 தோற்றார். பின்னர்த் தோள் வலியும் பிற துன்பங்களும் சேர்ந்துகொண்டன. 1979க்குப்பின் முதல்தர ஆட்டத்தில் அவர் இல்லை. மொத்தம் 18 வெற்றி, 33 தோல்வி. அக்காலத்து ஆட்டக்காரர் ஓய்வூதியம் பெற நான்காண்டுச் சேவை வேண்டும். அவருக்கு 37 நாட்கள் குறைந்தன. அரசாங்கச் சேவையில் ஓய்வு பெற்ற எவருக்கும் அந்த 37 நாட்களின் கனம் தெரியும்.

அடுத்த ஆண்டு, 1974, இருவகையில் குறிக்கத்தக்கது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டானி லிட்வைலர், வளாகக் காவலர்கள் மோட்டார் வண்டிகளின் வேகத்தை அளக்க ராடார் கருவி வாங்கியிருக்கும் செய்தியைப் பத்திரிகையில் கண்டார். அதனால் பந்தின் வேகத்தை அளக்கலாமே என்று தோன்றியது. அதுவே பின்னர்த் துப்பாக்கி வடிவில் ஸ்கவுட்டுகள் கையில் வந்தது. அதுவரை கண்ணாலும் காதாலும் கணித்த வேகம் இப்போது எண்ணாயிற்று. எண் பொய் சொல்லாது என்பது மெய்யே. ஆனால் கட்டுப்பாட்டுக்கும் பொறுமைக்கும் அத்தகைய கருவி அப்போது இல்லாமையால், இருப்பதை அளந்து, அளந்ததையே பெரிதென நம்பினார்கள்.

அவ்வாண்டே செப்டம்பர் 25ஆம் தேதி, டாக்டர் ஃபிராங்க் ஜோப் டாட்ஜர்ஸ் வீரர் டாமி ஜானின் இடது முழங்கையில் அறுந்த தசைநாரை எடுத்துவிட்டு, வலது முன்கையிலிருந்து ஒரு நாணை எடுத்துப் பொருத்தினார். மீண்டும் எறிவதற்கு வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றே மருத்துவர் கருதினார். ஜானோ 1976இல் திரும்பி வந்து 1989வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பின்னர் வந்தவை. டால்கோவ்ஸ்கிக்குப் பதினோராண்டு பிந்திவந்த வைத்தியம்! பிறகு பள்ளிச் சிறுவர்களும் அதே அறுவைக்கு வரத் தொடங்கினர். 2014இல் சிறுவர்களுக்கு ஒருநாள் எறியளவு வகுக்கப்பட்டது: 9, 10 வயதினர்க்கு 75, 17, 18 வயதினர்க்கு 105. எறிந்த எண்ணிக்கைக்கேற்ப ஓய்வு நாட்களும் உண்டு. ஆயினும் 2024 டிசம்பரில் முதல்தர பேஸ்பால் நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை, பெருகிவரும் காயங்களுக்கு வேக மோகத்தையே முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது.

இந்த வேகக்கருவி நம் நாட்டுக்கும் வந்ததுண்டு. 2008இல், நல்ல கை ஒன்றைத் தேடி அமெரிக்கர் சிலர் இந்தியாவில் போட்டி நடத்தினர். வந்த பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் பேஸ்பாலைக் கண்டறியாதவர்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டியெறி வீரர் ரிங்கு சிங், மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து 100,000 டாலர் பரிசு பெற்றார். அவரையும் தினேஷ் படேலையும் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று சில மாதங்கள் பழக்கினர். அவ்வாண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் அணி இருவரையும் சேர்த்துக்கொண்டது. அங்குள்ள பிள்ளைகள் ஏழெட்டு வயதில் தொடங்கும் பயிற்சியை இவர்கள் இருபதை ஒட்டிய வயதில் தொடங்கினர். 2009இல் ரிங்கு சிங், அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்திய எறிவீரரானார். படேலை அணி 2010இல் விடுவித்தது. ரிங்கு இன்னும் சில பருவங்கள் சிறிய அணிகளில் எறிந்தார். பின்னர் அவர் முழங்கைக்கும், டாமி ஜானுக்குச் செய்த அதே அறுவை தேவைப்பட்டது.