புளியமரத்தடியில் கேட்ட ரேடியோ

2015இல் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்தபோது ‘வெகுசன ஊடகச் சமூகவியல்’ என்று ஒரு விருப்பப்பாடம் இருந்தது. இன்னொரு விருப்பப்பாடம் புள்ளியியல். அதற்குப் பயந்துதான் எங்களில் பாதிப் பேர் இதில் சேர்ந்தோம். சினிமா, டிவி பற்றி நாலு பக்கம் எழுதினால் பாஸ் போட்டுவிடுவார்கள் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். நானும் அந்த நம்பிக்கையில்தான் போய் உட்கார்ந்தேன்.

முதல் மாதம் முழுக்க அமெரிக்காதான். 1940 அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று மக்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ரேடியோவும் பத்திரிகையும் ஊசி போட்ட மாதிரி நேராக மூளைக்குள் போய் வேலை செய்கின்றன என்று அதுவரை பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆய்வு வேறொன்றைக் காட்டியது. செய்தி முதலில் ஊரில் விஷயம் தெரிந்த சிலரிடம் போகிறது, அவர்கள் பேசி மற்றவர்களிடம் போகிறது. 1944இல் வந்த இவர்களின் புத்தகத்திலிருந்துதான் ‘இருபடி ஓட்டம்’ என்ற கருத்து கிளம்பியது. 1955இல் எலிஹு காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் சேர்ந்து அதை இன்னும் விரித்து எழுதினார்கள்.

அப்புறம் துருக்கி. டேனியல் லெர்னர் 1958இல் எழுதிய புத்தகத்தில் பால்கட் என்றொரு கிராமம் வரும். அங்காராவுக்குப் பக்கத்து ஊர். ஊர்த்தலைவர் வீட்டில் ரேடியோ இருந்தது. அவர் கூப்பிட்டவர்கள் போய்க் கேட்பார்கள், கேட்டதற்கு அவரே விளக்கமும் சொல்வார். அதே ஊரில் ஒரு மளிகைக்கடைக்காரர் இருந்தார். ஊரை விட்டு வெளியே ஓர் உலகம் இருக்கிறது, அங்கே போகவேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. நாலு வருஷம் கழித்து லெர்னர் நேரில் போனபோது கடைக்காரர் செத்துப்போயிருந்தார். ஊருக்கு பஸ் வந்திருந்தது, வீட்டுக்கு வீடு ரேடியோவும் வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கண்ட கனவை ஊடகம் எல்லோருக்கும் கொடுத்துவிட்டது என்பது லெர்னரின் வாதம். எனக்கு அந்தக் கடைக்காரரை ரொம்பப் பிடித்துப்போனது.

செமஸ்டர் நடுவில் மேடம் ஒரு வேலை கொடுத்தார். “உங்க வீட்ல வயசானவங்க ஒருத்தர்கிட்ட, அவங்க முதல்ல ரேடியோ கேட்டது எங்க, எப்படின்னு விசாரிச்சு எழுதிட்டு வாங்க. பத்து பக்கம் போதும்.”

என் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் வந்து, பாதியில் இறங்கி, உள்ளே போகவேண்டும். மேற்கே பார்த்தால் மலை தெரியும். கார்த்திகை தீபத்தன்று எங்கள் காலனி வாசலில் நின்றே தீபம் பார்த்துவிடலாம். ஊர் மேற்கே, காலனி கிழக்கே, நடுவில் ஒரு வாய்க்காலும் ஒரு புளியமரமும்.

ஆயா திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தது. செல்போனில் ரெக்கார்டு போட்டு முன்னால் வைத்தேன்.

“இன்னாத்துக்கு இதெல்லாம்?”

“காலேஜ்ல கேக்குறாங்க ஆயா. நீ மொதமொத ரேடியோ எங்க கேட்ட?”

“எங்க கேக்கறது? புளியமரத்தடியிலதான்.”

பஞ்சாயத்து ரேடியோவைத்தான் சொல்கிறது. அந்தக் காலத்தில் பல கிராமங்களில் பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு ரேடியோப் பெட்டி இருக்கும். மாடியிலோ கம்பத்திலோ கொழா கட்டி, குறிப்பிட்ட நேரத்துக்குப் போட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டு வானொலி வரலாறு படித்தவர்களுக்கு இதன் முன்கதை தெரியும். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் சென்னையில் ரேடியோ கிளப் தொடங்கியது. 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைக் கையில் எடுத்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த வருஷம் திருச்சி நிலையமும் வந்தன. தனியாக ரேடியோ வாங்கினால் லைசென்ஸ் எடுக்கவேண்டும், பணம் கட்டவேண்டும். வாங்க முடியாதவர்களுக்காகத்தான் பொது ரேடியோ. ‘எல்லாருக்குமான’ ரேடியோ.

எங்கள் ஊரில் அந்த எல்லாருக்குமான ரேடியோ ஊர்ச் சாவடிக்குப் பக்கத்தில் இருந்தது. ஊர் ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். காலனிக்காரர்கள் அங்கே போய் நிற்க முடியாது. வேலைக்குக் கூப்பிட்டால் போகலாம், பாட்டுக் கேட்கப் போக முடியாது. புளியமரம் வரைக்கும் சத்தம் வரும். அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

“ஆடி மாசம் நல்லா கேக்கும் கண்ணு. காத்து மேக்கால இருந்து வரும் இல்ல. தை மாசி வந்தா காத்து அந்தப் பக்கம் திருப்பிக்கும். பாதி வார்த்த வரும், பாதி ஊருக்கே போயிடும்.”

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் காற்றடிக்கிற திசை ஓர் ஊடகக் காரணியாக வரவில்லை.

1969 பிப்ரவரி 3. அண்ணா இறந்த நாள். ஆயாவுக்குக் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் இருக்கும். விடிகாலையில் நடவுக்குக் கிளம்பினவர்கள் மரத்தடியில் நின்றிருக்கிறார்கள். ரேடியோவில் பாட்டு இல்லை, சோகமாக ஏதோ வாத்தியம் மட்டும். நடுவில் ஒருத்தர் பேசுகிறார், பேர் காதில் விழவில்லை. யாரோ பெரிய மனிதர் போய்விட்டார் என்பது மட்டும் புரிகிறது. காமராஜரா, அண்ணாவா, டெல்லியில் யாராவதா?

“போய்க் கேக்க வேண்டியதுதானே?”

ஆயா என்னை ஒரு பார்வை பார்த்தது. “சாவடியில அத்தினி ஆம்பளைங்க நிக்கிறாங்க. எவ போயி கேப்பா?”

அரை மணி நேரம் கழித்து மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஊர்ப் பையன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. மரத்தடியில் நின்ற பெண்கள் அங்கேயே உட்கார்ந்து அழுதார்களாம். அன்றைக்கு யாரும் நடவுக்குப் போகவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு இருபடி ஓட்டம் உடைந்தது. லாசர்ஸ்ஃபெல்டின் கணக்கில் முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில் இருப்பது ஒரு பேச்சு. டீ குடித்துக்கொண்டே, வேலி ஓரமாக நின்றுகொண்டே நடக்கிற பேச்சு. எங்கள் ஊரில் அந்த இரண்டு படிக்கும் நடுவில் இருந்தது ஒரு தெரு. அந்தத் தெருவில் யார் நடக்கலாம், யார் நிற்கலாம், யார் யாரிடம் கேள்வி கேட்கலாம் என்பதை ரேடியோ முடிவு செய்யவில்லை. அதற்கு ரொம்பக் காலம் முன்னாலேயே முடிவாகியிருந்தது.

ஆனால் கதை இவ்வளவு மட்டும் இல்லை. ஊர் ரேடியோவில் வந்த விவசாய நிகழ்ச்சியையும் ஆயா கேட்டிருக்கிறது. எங்களுக்கு ஒரு காணி நிலம்கூடக் கிடையாது. “அத கேட்டு நீ இன்னா பண்ணுவ?” என்றேன்.

“புது நெல்லு சீக்கிரம் வெளையும்னு சொல்லுவான். அப்ப ரெண்டு போகம். ரெண்டு போகம்னா ரெண்டு நடவு, ரெண்டு அறுப்பு. கூலி எங்களுக்குத்தானே?”

தஞ்சாவூர் ஜில்லாவில் ஆடுதுறை 27 ரகத்துக்கு விவசாயிகள் வைத்த பேர் ‘ரேடியோ நெல்’. திருச்சி வானொலி வழியாக அதைத் தெரிந்துகொண்டதால் அந்தப் பேர். இந்திய வானொலியின் வெற்றிக்கதைகளில் தவறாமல் வருவது இது. எங்கள் வட ஆர்க்காட்டில் ஐ.ஆர். 8 நெல் போட்டு நல்ல மகசூல் எடுத்த விவசாயி ஒருவர் தன் மகனுக்கே ‘ஐ.ஆர். எட்டு’ என்று பேர் வைத்தார். அங்கே நெல்லுக்கு ரேடியோவின் பேர், இங்கே பிள்ளைக்கு நெல்லின் பேர். பாடத்தில் இந்த மாதிரி விவசாயிதான் நேயர். நாற்று நடுகிறவள் அந்தப் படத்தில் இல்லை. ஆனால் அவளும் கேட்டாள். தனக்கு வேண்டியதை, நிலைய அதிகாரி நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு கணக்கை, அதிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

திரும்பிப் போய் நூலகத்தில் தேடினேன். ஊடகச் சமூகவியல் இந்தியக் கிராமத்துக்கு வந்த கதை 1956இல் தொடங்குகிறது என்று சொல்லலாம். யுனெஸ்கோ உதவியோடு புனே வானொலி நிலையத்தைச் சுற்றி 150 கிராமங்களில் விவசாய வானொலி மன்றங்கள் அமைத்தார்கள். மன்றத்துக்குச் சுமார் இருபது பேர். வாரம் இரண்டு நாள், பத்து வாரம், அரை மணி நேர நிகழ்ச்சி. கேள், பேசு, செய் என்பது முழக்கம். கனடாவிலிருந்து வந்த யோசனை அது. இதை மதிப்பிட்டவர் பால் நியூராத். லாசர்ஸ்ஃபெல்டைப் போலவே வியன்னாக்காரர். நாஜிகளின் டாக்காவ், புக்கன்வால்ட் முகாம்களில் அடைபட்டு மீண்டு அமெரிக்கா போனவர். பம்பாயின் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்தார். சும்மா கேட்பதைவிட, கூடி உட்கார்ந்து பேசுகிறபோது மக்கள் நிறையக் கற்கிறார்கள் என்பது அவர் கண்டது.

இது நல்ல ஆய்வுதான். ஆனால் ‘கூடி உட்கார்ந்து’ என்கிற இரண்டு வார்த்தையை என்னால் தாண்ட முடியவில்லை. எங்கள் ஊரில் அதுதானே நடக்காத காரியம்?

பத்திரிகை வரலாற்று வகுப்பிலும் இதே மாதிரி ஒரு தடுக்கல் வந்தது. 1780இல் ஹிக்கி தொடங்கிய பெங்கால் கெஜட், 1882இல் சுதேசமித்திரன், 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தந்தி என்று வரிசையாகப் போனது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் நடத்திய ‘பறையன்’ அதில் இல்லை. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் கொண்டுவந்த ‘ஒரு பைசாத் தமிழன்’ இல்லை. பின்னால் ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்தபோதுதான் எவ்வளவு நீளமான வரிசையை நாங்கள் தாண்டிப் போயிருக்கிறோம் என்று தெரிந்தது. 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிப் பார்த்து, ஒருவரும் கிடைக்கவில்லை என்று எழுதினார். நூறு வருஷத்துக்கு முன்னால் சொந்தமாகப் பத்திரிகை நடத்தியவர்களின் பிள்ளைகளுக்கு, அடுத்தவர்களின் பத்திரிகையில் ஒரு நாற்காலி இல்லை.

சினிமா பற்றிக் கேட்டபோது மட்டும் ஆயா முகம் மாறியது. “கொட்டாயில எவனும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டான். டிக்கெட்தான் கேப்பான்.” மணலைக் குவித்து உயரமாக்கி உட்கார்ந்து எம்.ஜி.ஆர். படம் பார்த்த கதையை ஒரு மணி நேரம் சொன்னது. இதையேதான் கா. சிவத்தம்பி 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய சின்னப் புத்தகத்தில் சொல்லியிருப்பார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையிடம் சினிமாக் கொட்டகை, அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு இல்லை, கையிலிருந்த காசு என்று. யாழ்ப்பாணத்துப் பேராசிரியரும் என் ஆயாவும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் படம் விட்டு வீட்டுக்கு நடக்கும்போது அவரவர் வழி அவரவருக்கு. கூரை மூன்று மணி நேரத்துக்குத்தான்.

கட்டுரையை வகுப்பில் வாசித்தேன். ஒரு நண்பன் கேட்டான், “இது ரேடியோவோட தப்பா? ஜாதியோட பிரச்சினைதானே?” உடனே பதில் வரவில்லை. மேடம்தான் சொன்னார்: “லைசென்ஸ் எண்ணிக்கைய வச்சு நேயர் கணக்குப் பார்த்தா இவங்க ஆயா வரமாட்டாங்க. சாவடியில தலைய எண்ணினாலும் வரமாட்டாங்க. அப்ப அவங்க நேயரா இல்லையா?” வகுப்பு அமைதியாக இருந்தது. ‘வெகுசனம்’ என்று அத்தனை நாளும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை எனக்கு அன்றிலிருந்து சாதாரணமாக வாயில் வரவில்லை. நண்பனுக்கு இப்போது பதில் சொல்வேன். ஊடகம் ஜாதியைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கொழா எங்கே கட்டுவது என்று ஒருத்தர் யோசித்து முடிவெடுத்தார் இல்லையா, அந்த முடிவிலிருந்தே ஊடகத்தின் வரலாறு தொடங்குகிறது.

2006 தேர்தலுக்குப் பிறகு வந்த இலவசக் கலர் டிவி எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தது. 14 இன்ச் பெட்டி. ஓட்டுக்குக் கொடுத்த லஞ்சம் என்று அதைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள், கேலி பேசினார்கள். இருக்கட்டும். ஆயா வாழ்க்கையில் காற்றை நம்பாமல், முழு வாக்கியமாகச் செய்தி கேட்டது அந்தப் பெட்டியில்தான்.

மார்க் வந்த பிறகு ஊருக்குப் போய், பால்கட் கதையையும் லாசர்ஸ்ஃபெல்டையும் ஆயாவுக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். மல்லாட்டை உரிப்பதை நிறுத்தாமல் கேட்டது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

“அந்த வெள்ளக்காரரு நம்ம ஊருக்கு வந்திருந்தா, எங்க நின்னு கேட்டிருப்பாரு? சாவடியிலயா, புளியமரத்தடியிலயா?”