தங்கப் பாவையும் தானப் பத்திரமும்

இலங்கையில் நாற்பது ஆண்டுகள் ஒரு கிறிஸ்தவ மன்னன் முடிதரித்திருந்தான் என்பதைப் பலர் அறிவதில்லை. கோட்டை இராச்சியத்தின் கடைசி மன்னன் தர்மபாலனே அவன்.

கதை அவனது பாட்டன் புவனேகபாகுவிடம் தொடங்குகிறது. தம்பி மாயாதுன்னையிடமிருந்து பேரனின் வாரிசுரிமையைக் காக்க விரும்பிய அவன், 1540களின் தொடக்கத்தில் பேரனின் தங்கப் பாவையொன்றைத் தூதுவர் மூலம் லிஸ்பனுக்கு அனுப்பினான். போர்த்துக்கல் மன்னர் அப்பாவைக்கு முடிசூட்டினார். முடி கோட்டையினது, சூட்டிய கை லிஸ்பனுடையது. பின்னர் நடந்தவை யாவும் அதன் தொடர்ச்சியே.

1551இல் புவனேகபாகு போர்த்துக்கேயத் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானான். 1557இல் ஞானஸ்நானம் பெற்ற தர்மபாலன், விகாரைச் சொத்துக்களைப் பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு வழங்கிக் குடிமக்களின் பகையைத் தேடிக்கொண்டான். 1565இல் தலைநகரைக் கைவிட்டுக் கொழும்பில் ஒதுங்கினான். 1580 ஆகஸ்டில், தனக்குப்பின் இராச்சியம் போர்த்துக்கல் மன்னருக்கே என எழுதிக்கொடுத்தான். அதே ஆண்டில் போர்த்துக்கல்லின் முடியே ஸ்பானிய மன்னர் பிலிப்பின் கைக்குப் போனது! 1597இல் தர்மபாலன் இறந்தபோது, கோட்டைக்கு உரித்தாளி அவரே.

கண்டி மன்னர்கள் வேறு வழி தேடினர். அவ்வழி எமது கிழக்குக் கரையில் திறந்தது. 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி சென்றார். அவரை வரவேற்ற விமலதர்மசூரியனும் ஒருகாலத்தில் ஞானஸ்நானம் பெற்றவனே. 1626இல் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களுக்குச் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் அடைக்கலம் தந்தான். நிந்தவூர் உள்ளிட்ட இக்கரையோர ஊர்களின் வரலாற்றைப் பேசுவோர் அதை மறப்பதில்லை.

1638 மே மாதம் இராஜசிங்கன் மட்டக்களப்பில் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். கைப்பற்றும் கோட்டைகளில், மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை நிற்கலாம் என்பது அவன் கொண்ட பொருள். ஒல்லாந்தரின் பிரதியிலோ அந்த நிபந்தனை இல்லை! இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களவர் சொல்வது இதைத்தான். 1766இல் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று.

தர்மபாலன் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்து இழந்தான். இராஜசிங்கன் எழுதியதை நம்பி இழந்தான். இரு பத்திரங்களிலும் கைமாறிய ஊர்களில் குடியிருந்தோரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.